அஞ்சுக்கு எத்தனை, அண்ணி?

சென்ற வியாழக்கிழமை காலை விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தேன். தொலைபேசி மணி அடித்தது. கிள்ளானிலிருந்து கலா பேசினாள். திரு. தருமலிங்கம் அவர்களின் மூத்த மகள். ஐம்பது வயதைக் கடந்தவள், எதையும் நிதானமாகப் பேசுகிறவள். அன்று “ஆன்டி” என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு சொல்லிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

“அப்பா போயிட்டாங்க ஆன்டி. கோப்பி கொண்டுபோய் வச்சேன். எந்திரிக்கல.”

திரியைக் கையில் வைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்து, சன்னலோரம் இருக்கும் பிரம்பு நாற்காலியைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிவரை அதில் அவர் உட்கார்ந்திருந்தார். அவர் முதுகுக்கு வைத்துக்கொண்ட தலையணை அமுங்கியபடியே கிடந்தது. நான் அதை இன்னும் தட்டிச் சரிசெய்யவில்லை.

திரு. தருமலிங்கத்தை அறியாதவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். அவருக்கு எண்பத்தொரு வயது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரயில்வேயில் தொலைபேசிக் கம்பிகளையும் சமிக்ஞைகளையும் பராமரிக்கும் பிரிவில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் அவருடைய காது பேர்போனது. நிலைய அதிகாரியின் தொலைபேசியை எடுத்து ஒரு நிமிடம் கேட்பார். பிறகு, இன்ன நிலையத்துக்கும் இன்ன நிலையத்துக்கும் நடுவே கம்பியின் மூட்டில் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று சொல்வார். ஆட்கள் போய்த் தோண்டினால் அங்கே தண்ணீர் இருக்கும். என் கணவர் அதே ரயில்வேயில் சரக்கு அலுவலகத்தில் இருந்தார். “தருமுவோட காதுக்குத் தனியா ஒரு பதவி ஒசர்வு குடுக்கணும்” என்று அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

நான் மணமாகிப் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்த முதல் வாரத்திலேயே அவர் வீட்டுக்கு வந்தார். வந்ததும் என்னை “அண்ணி” என்று அழைத்தார். அவர் என்னைவிட நான்கு வயது மூத்தவர். என் கணவர் அவரைவிட மூத்தவர் என்பதால் நான் அண்ணி ஆகிவிட்டேன். கான்வென்ட்டில் படித்துவிட்டு, ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் சுருக்கெழுத்தாளராகச் சேர்ந்திருந்த எனக்கு அது பிடிக்கவில்லை. நான் அவரை “மிஸ்டர் தருமலிங்கம்” என்று அழைத்தேன். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இருவருமே மாற்றிக்கொள்ளவில்லை. “ஊரே என்னைய தருமுன்னு கூப்பிடுது. ஒங்க வீட்டுப் படியேறுனாத்தான் நான் மிஸ்டர்” என்பார்.

அந்த வீட்டில்தான் எங்கள் வானொலியும் இருந்தது. ஊர் திரும்பிய ஓர் அதிகாரியிடமிருந்து என் கணவர் வாங்கியது. மரப்பெட்டி, உள்ளே கண்ணாடி வால்வுகள், முகப்பில் ஊர்ப்பெயர்கள் அச்சிட்ட கண்ணாடி. மேல் மூலையில் காசளவு வட்டத்தில் ஒரு பச்சை விளக்கு உண்டு. அலை வலுவாகக் கிடைத்தால் அதன் நடுவிலுள்ள நிழல் ஒடுங்கிக்கொண்டே வந்து மூடிவிடும். அதைக் கண் என்போம். திரு. தருமலிங்கம் சமையலறைக் கூரையிலிருந்து எதிர்மரம்வரை ஒரு செம்புக் கம்பியை இழுத்துக் கட்டி, அதை அந்தப் பெட்டியில் இணைத்துக் கொடுத்தார். தினமும் மாலை ஆறரைக்குச் சிற்றலையில் ஒரு வெளிநாட்டுத் தமிழ் ஒலிபரப்பு வரும். அந்தக் குரல் கேட்டதும் நான் அரிசி களைவேன். கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை.

குவார்ட்டர்ஸ் இடிக்கப்பட்டது. நாங்கள் அருகிலேயே ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாம் தளத்துக்கு வந்தோம். மரமும் இல்லை, கூரையும் இல்லை. வானொலி ஒரு மேசை மாதிரி ஆகிவிட்டது. அதன்மேல் பூச்சாடி வைத்தேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் என் கணவரும் போனார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், அவருடைய நினைவுநாளில் சாப்பிட வந்திருந்த திரு. தருமலிங்கத்திடம் கேட்டேன். அந்தப் பெட்டியை மறுபடி பேச வைக்க முடியுமா? அன்று காலை தூசி துடைக்கும்போது குமிழ் திரும்பிவிட்டது, விளக்கு எரிந்தது, ஆனால் வெறும் இரைச்சல்தான் வந்தது என்றேன். அவர் பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, என் முகத்தையே உற்றுப் பார்த்தார். மறுபடி சொல்லச் சொன்னார். பாயசத்தில் கவனமாக இருந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு மறுபடி சொன்னேன்.

“பெட்டி நல்லாத்தான் இருக்கு அண்ணி. அதுக்கு ஏரியல் இல்ல. நல்ல ஏரியலாப் பாத்துப் போடணும். செவ்வாக்கெழம வரேன்” என்றார்.

அந்தச் செவ்வாயிலிருந்து வாரம் தவறாமல் வந்தார். கிள்ளானிலிருந்து கொமூட்டர் ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, தோளில் ஒரு பழைய துணிப்பையோடு நடந்து வருவார். முதல் நாள் பையிலிருந்து ஒரு கோடுபோட்ட நோட்டுப் புத்தகத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். ஒவ்வோர் ஏரியலை மாட்டும்போதும் குரல் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று நான் ஐந்துக்கு மதிப்பெண் போட வேண்டும். ஒன்று என்றால் ஒன்றும் புரியவில்லை. ஐந்து என்றால் பக்கத்து அறையில் ஆள் இருந்து பேசுவது போல. தேதி, நேரம், மதிப்பெண். வேறு எதுவும் வேண்டாம் என்றார்.

காது பேர்போன மனிதர் என்னை ஏன் மதிப்பெண் போடச் சொல்கிறார் என்று எனக்குச் சற்று வியப்பாக இருந்தது. எனக்கு வேலை கொடுக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். மதிப்பெண் போடுவது எனக்குப் பிடிக்கும். எங்கள் கான்வென்ட்டில் ஒரு சிஸ்டர் சொல்வார், மதிப்பெண் தாளுக்குத்தான், பிள்ளைக்கு அல்ல என்று. அலுவலகத்திலும் முப்பத்து நான்கு ஆண்டுகள், சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். அழகாக்கியதில்லை.

முதலில் பெட்டிக்குப் பின்னால் நான்கு முழம் கம்பியைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். ஒன்று. பிறகு, எர்த் இல்லாததுதான் குறை என்று சொல்லி, சமையலறைத் தண்ணீர்க் குழாயில் ஒரு கம்பியைச் சுற்றினார். எந்த மாற்றமும் இல்லை. கத்தியால் குழாயைச் சுரண்டிப் பார்த்தார். வெள்ளிச் சாயத்துக்கு அடியில் பிளாஸ்டிக். “முப்பது வருசம் எர்த் போட்டவன், பிளாஸ்டிக்ல போய்க் கட்டியிருக்கேன் பாருங்க. அண்ணன் இருந்திருந்தா மூணு மாசத்துக்குச் சிரிப்பாரு” என்றார். என் கணவர் இறந்த பிறகு இந்த வீட்டில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

அடுத்தது நீளக் கம்பி. எங்கள் பால்கனியிலிருந்து மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிவரை இழுக்க வேண்டும். நிர்வாக அலுவலகத்துப் பெண் முதலில் “தாக் போலே, ஆன்டி” என்று தலையாட்டினாள். முடியாதாம். நான் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். மறுவாரம் அனுமதி வந்தது. காவலாளி ஏணியைப் பிடித்துக்கொள்ள, எழுபத்தொன்பது வயதில் அவர் தொட்டிமேல் ஏறிக் கம்பியைக் கட்டினார். கீழே வந்து மாட்டியதும் பச்சைக் கண் சட்டென்று மூடியது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“அஞ்சுக்கு எத்தன, அண்ணி?”

குரல் வந்தது, உண்மைதான். ஆனால் அதோடு எல்லாமும் வந்தது. மோனோரெயில் போகும்போதெல்லாம் ஓர் உறுமல். லிஃப்ட் ஏறும்போது ஒரு வெட்டு. கீழே புடவைக் கடையில் விளக்கைப் போட்டதும் வண்டு குடைவது போல ஓயாத ஓசை. இரண்டு என்றேன். அவர் பச்சைக் கண்ணைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், தாடையைச் சொறிந்துகொண்டார். கம்பியின் திசையை மாற்ற வேண்டும் என்றார். மாற்றினார். இரண்டு. நீளத்தைக் கூட்டினார். இரண்டு. இப்படியே ஏழெட்டு வாரம் போனது.

ஒரு செவ்வாயன்று நான் சமையலறையில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தேன். ஆறரை ஆகிவிட்டிருந்தது, ஆனால் அன்று நிலையத்தின் குரலே வரவில்லை. வெறும் இரைச்சல். குமிழைத் திருப்புங்கள் என்று இரண்டு முறை குரல் கொடுத்தேன். பதில் இல்லை. எட்டிப் பார்த்தேன். அவர் பிரம்பு நாற்காலியில் முன்னால் சாய்ந்து, விரல்நுனிகளைப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டு, மூடியிருந்த பச்சைக் கண்ணைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். பாட்டுக்குத் தாளம் போடுவது போலத் தலை மெல்ல அசைந்தது. நான் அருகில் போய் நின்றதும் நிமிர்ந்து, “இன்னைக்கி நல்லா இருக்குல்ல?” என்றார்.

அந்த அறையில் அப்போது புடவைக் கடை விளக்கின் இரைச்சலைத் தவிர எதுவும் இல்லை.

நான் தேநீரை அவர் கையில் கொடுத்தேன். பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்து என் வாயைப் பார்த்தது, முதுகுப்பக்கமிருந்து பேசினால் பதில் வராதது, நோட்டுப் புத்தகம், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. ஒரு மனிதருக்குப் பெயர் வாங்கித் தந்தது எதுவோ அதுவே போய்விட்டது. பச்சைக் கண்ணையும் என் மதிப்பெண்ணையும் வைத்துக்கொண்டு அவர் வேலை செய்துகொண்டிருந்தார்.

அடுத்த செவ்வாய் நான் செய்ததை இங்கே எழுதத்தான் வேண்டும். அன்று நல்ல வெயில். மொட்டைமாடியில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, புறங்கையில் கம்பி கிழித்த கோடு. மூச்சு வாங்கிக்கொண்டே முனையை மாட்டினார். கண் மூடியது. என்னைப் பார்த்து, வழக்கம்போலக் கேட்டார். காதில் கேட்டது அதே இரண்டு. நான் ஐந்து என்று எழுதினேன்.

அவர் அந்த எண்ணை நீண்ட நேரம் பார்த்தார். தேநீரை முழுதும் குடித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பையில் போட்டார். “சரி அண்ணி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு மூன்று செவ்வாய் அவர் வரவில்லை. தொலைபேசியில் கலாதான் பேசுவாள். அப்பா செடிக்குத் தண்ணீர் விடுகிறார், அப்பா தூங்குகிறார். நான்காம் வாரம் நான் நோட்டுப் புத்தகத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிள்ளானுக்கு ரயிலேறினேன். கணவர் இல்லாமல் ஒரு நண்பர் வீட்டுக்கு நான் தனியாகப் போனது அதுவே முதல் முறை. வாசலில் கார் நிறுத்தும் இடத்தில் அவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். உள்ளே குடும்பத்தார் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர் எதிரில், முகம் தெரியும்படி உட்கார்ந்தேன். நான் அப்படி உட்கார்ந்ததைக் கண்டதுமே, அவருக்குக் காது கேட்காதது எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது.

“நாலு வருசம் ஆச்சு அண்ணி. கலா காதுல மாட்டுற மெசின் வாங்கிக் குடுத்தா. அதுல ஃபேன் சத்தம்தான் பெருசாக் கேக்குது. டிராயர்ல கெடக்கு” என்றார். பிறகு வீட்டுக்குள் கைகாட்டினார். “அங்க சிரிக்கிறாங்கல்ல? போயி என்னன்னு கேட்டா, ஒண்ணுமில்லப்பாம்பாங்க. கெட்டவங்க இல்ல. திருப்பிச் சொல்றது சிரமம். ஒரு நாளைக்கி இருபது வாட்டி எனக்கு ஒண்ணுமில்லப்பாதான். ஒங்க ஒருத்தங்களுக்கு மட்டும் பொய் எழுத வராதுன்னு நெனச்சுத்தான் அவ்வளவு தூரம் வந்தேன். நீங்களும் அஞ்சு போட்டுட்டீங்க.”

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

“நீங்க எப்பவும் ஒரு நிமிசம் கேட்டுட்டுத்தான் எழுதுவீங்க. அன்னைக்கி நான் கேள்வியக் கேட்டு முடிக்கல, பேனா ஓடிருச்சு.”

மன்னிப்புக் கேட்கும் பழக்கம் எனக்கு அதிகம் இல்லை. நோட்டை விரித்து, ஐந்தின் குறுக்கே ஒரு நேர்க்கோடு போட்டேன். பக்கத்தில் இரண்டு என்று எழுதி, அலுவலகத்தில் திருத்தங்களுக்குச் செய்வதுபோல அதன் கீழ் என் கையெழுத்தின் முதலெழுத்துகளை இட்டு அவரிடம் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார்.

“ரெண்டுதான்னு எனக்கும் தெரியும்” என்றார் பிறகு. “கண்ணு நல்ல கொரலுக்கும் மூடும். எலக்ட்ரிக் சத்தத்துக்கும் அதே மாதிரிதான் மூடும். முப்பது வருசம் வேலை பாத்தவனுக்கு அது தெரியாதா? தெரியும். நம்பிக்கிட்டு இருந்தேன், அவ்வளவுதான்.”

எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில், பெண்பிள்ளைகள் இடுப்பில் சுற்றி ஆடும் ரோசா நிற பிளாஸ்டிக் வளையம். அதன்மேல் பாதித் தூரம் செம்புக் கம்பி சுற்றப்பட்டிருந்தது. நான் போகாமல் இருந்திருந்தாலும் அதைச் செய்து முடித்திருப்பாரா என்று பலமுறை நினைத்திருக்கிறேன். கேட்டதில்லை.

அடுத்த செவ்வாய் அந்த வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு கொமூட்டரில் வந்தார். எதிரில் நின்ற ஓர் இளைஞன், “அங்கிள், பேத்திக்கு வாங்கிட்டுப் போறீங்களா?” என்று கேட்டிருக்கிறான். அவன் வாயசைவைப் பிடித்துக்கொண்டு, “இல்ல லா தம்பி, ஒங்க அங்கிளுக்குத்தான். டாக்டர் எக்சசைஸ் பண்ணச் சொல்லியிருக்காரு” என்றாராம். ரயில்பெட்டி முழுக்கச் சிரித்தார்கள் என்று சொல்லிவிட்டு, “சிரிச்சது கண்ணுல தெரிஞ்சிச்சு” என்று சேர்த்துக்கொண்டார்.

நீளக் கம்பி நல்லது கெட்டது எல்லாவற்றையும் பிடித்து வரும், வளையம் அப்படி இல்லை என்று எனக்கு விளக்கினார். அதற்கு இரண்டு பக்கம் காது உண்டு, விளிம்போரமாக வருவதைக் கேட்கும், முகத்துக்கு நேரே வரும் இரைச்சலுக்குச் செவிடாகிவிடும். ஆகவே அதைத் திருப்பித் திருப்பி, புடவைக் கடைக்குச் செவிடாக இருக்கும் கோணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பழைய துடைப்பக் கட்டையில் வளையத்தை நிறுத்தி, சன்னலோரம் வைத்து, பெட்டியில் இணைத்தார். மணி ஆறரை.

பச்சைக் கண் அசையவே இல்லை. நிழல் அகலமாகத் திறந்தபடி இருந்தது. அவர் முகம் வாடிவிட்டது. விரல்களைப் பெட்டிமேல் வைத்துப் பார்த்தார். அங்கேயும் ஒன்றும் இல்லை. ஆனாலும் என்னைப் பார்த்தபடியே வளையத்தை மெதுவாகத் திருப்பத் தொடங்கினார். வண்டுச் சத்தம் குறைந்தது. இன்னும் குறைந்தது. ஓரிடத்தில் அது அறுந்தாற்போல நின்றது. அந்த அமைதிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், சிறிய குரல், செய்திகளை வாசித்துக்கொண்டிருந்தது. நான் கையை உயர்த்தினேன். அவர் அப்படியே நிறுத்தினார்.

“கண்ணு ஒண்ணும் இல்லைங்குது” என்றார். “நீங்க என்ன சொல்றீங்க?”

நான் முழுதாக ஒரு நிமிடம் கேட்டேன். நடுவே மோனோரெயில் போகும்வரை காத்திருந்தேன்.

“நாலு. மோனோரெயில் போகும்போது மூணு.”

அவர் பால்கனிப் பக்கம் திரும்பி அந்த நீளக் கம்பியைப் பார்த்தார். வெயிலில் ஏழெட்டு வாரம் ஏறி இறங்கிக் கட்டியது. அதுதான் கண்ணை மூட வைத்தது. அவருக்கு மிச்சமிருந்த ஒரே சாட்சி அந்தக் கண். என்னை மறுபடி பார்த்தார். பிறகு பையிலிருந்து பிளையரை எடுத்துப் பால்கனிக்குப் போய்க் கம்பியை வெட்டினார். வெட்டிய முனை சுருண்டு வெளியே விழுவதைக் குழந்தைபோல எட்டிப் பார்த்தார்.

“மோனோரெயிலுக்கு மூணுன்னு சொன்னீங்க பாருங்க, அப்பத்தான் நம்புனேன்” என்றார்.

பிறகு நாற்காலியை எனக்கு நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, யார் பேசுகிறார்கள், ஆணா பெண்ணா, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். நான் சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டேன். ஒலிபரப்பு முடிந்ததும் அவருக்கு எதிரில் உட்கார்ந்து, வாய் நன்றாகத் தெரியும்படி, ஒரு வரி விடாமல் வாசித்தேன். எங்கோ மழை, எங்கோ ஒரு பாலம் திறந்தார்கள், ஒரு நேயர் கடிதம். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். “ஒண்ணுமில்ல” என்று நான் எதையும் விட்டுவிடவில்லை.

அன்றிலிருந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் எங்கள் செவ்வாய்க்கிழமை இப்படித்தான் நடந்தது. ஆறரைக்கு நான் அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்துவிடுவேன். அவர் வளையத்தைத் திருப்புவார். நான் கேட்பேன், எழுதுவேன், வாசிப்பேன். நாள்பட நாள்பட அவர் என் உதடுகளைப் படிப்பதில் தேறிவிட்டார். என் உச்சரிப்பைக்கூடக் குறைசொல்லத் தொடங்கினார். “ஒங்க ழகரம் கான்வென்ட் ழகரம், பல்லுல இடிக்குது” என்றார். இதை என் கணவர்கூட என்னிடம் சொல்லத் துணிந்ததில்லை.

கடைசிச் செவ்வாயன்று மாலை கடும் மழை. இடி. பெட்டி வெடிப்பும் கரகரப்புமாக இருந்தது. ஒன்று என்றேன். “ஒண்ணுனா ஒண்ணுதான். வானத்தோட சண்டை போட முடியுமா?” என்று சொல்லி, வளையத்தின் கம்பியைப் பெட்டியிலிருந்து கழற்றி வைத்தார். வாசிக்க ஒன்றும் இல்லாததால், நான் என் கணவரைப் பற்றிப் பேசினேன். அவர் கேட்டார். மழை விட்டதும் கிளம்பினார். லிஃப்ட் கதவு மூடும்முன் திரும்பி, “இடி இடிச்சா கழட்டி வச்சிருங்க அண்ணி, மறந்துறாதீங்க” என்றார். அவர் என்னிடம் சொன்ன கடைசி வார்த்தை அதுதான்.

வெள்ளிக்கிழமை கிள்ளானில் இறுதிச் சடங்கு. வெள்ளை வேட்டி சட்டையில், நெற்றியில் திருநீற்றோடு, வாசலில் அவர் ஸ்டூல் போட்டு உட்காரும் அதே இடத்தில் கிடத்தியிருந்தார்கள். தூக்குவதற்கு முன் கலா என்னைத் தனியே அழைத்து ஒரு சிறிய காகிதத்தைக் காட்டினாள். அவருடைய சட்டைப் பையில் இருந்ததாம். பழைய ரயில் கால அட்டவணையின் பின்புறம், பொடி எழுத்தில் வரிசை வரிசையாக எண்கள். நாலு, மூணு, நாலு, ரெண்டு, நாலு. கடைசியில் ஒண்ணு.

“என்னன்னு தெரியல ஆன்டி. எங்க வீட்டுக்காரரு நாலு நம்பரு லாட்டரி போலன்னு சொல்றாரு. நாளைக்கி சீட்டு எடுக்கலாமான்னு கேக்குறாரு.”

எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்தது, பிறகு அது சிரிப்பாக இருக்கவில்லை. அவை என் மதிப்பெண்கள் என்று அவளிடம் சொன்னேன். எப்படி வந்தன என்பதையும், அவள் அப்பா செவ்வாய்க்கிழமைதோறும் எங்கே போனார், எதற்காகப் போனார் என்பதையும் சொன்னேன். நான் வந்த அன்று இதே வாசலில் நாங்கள் பேசியதையும் கேட்டாள். மறைக்கவில்லை.

அவள் காகிதத்தை மடித்தாள். “முந்தாநாள் ராத்திரி சாப்புடும்போது, பிள்ளைங்க என்ன சிரிக்கிறாங்கன்னு அப்பா கேட்டாங்க ஆன்டி. நான் ஒண்ணுமில்லப்பான்னேன்.”

அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். உன் அப்பா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். “என்ன சிரிச்சாங்க?” என்று கேட்டேன். பூனை ஒன்று அலமாரிமேல் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் விழித்ததாம். “இப்பச் சொல்லு” என்றேன். அவள் போய் அவர் தலைமாட்டில் குனிந்து, முகத்துக்கு நேராக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். சுற்றி நின்றவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. காகிதத்தை அவர் சட்டைப் பையிலேயே திரும்ப வைத்தோம்.

நேற்று செவ்வாய்க்கிழமை. ஆறரைக்கு அரிசியைக் களைந்து வைத்துவிட்டு, வளையத்தின் கம்பியை மாட்டினேன். இதுவரை அதை நான் திருப்பியதே இல்லை. அவர் பிடிக்கும் இடத்தில் துடைப்பக் கட்டை வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கிறது. அங்கேயே பிடித்துத் திருப்பினேன். எதிரில் யாரும் இல்லாததால், எங்கே நிறுத்துவது என்பதற்குக் கையை உயர்த்த வேண்டிய வேலையும் இல்லை. வண்டுச் சத்தம் குறைந்தது, அதே பெண் குரல் வந்தது. ஆனால் அவர் கொண்டுவரும் அமைதி எனக்குக் கைவரவில்லை. அடியில் கொஞ்சம் இரைச்சல் தங்கிவிட்டது. நோட்டை எடுத்து, ஒரு நிமிடம் கேட்டேன். மோனோரெயில் போகும்வரை காத்திருந்தேன். சுருக்கெழுத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, பிரம்பு நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்தேன். ழகரத்தைக் கவனித்து வாசித்தேன்.

நேற்று மூன்று, மிஸ்டர் தருமலிங்கம். நான்கு போட மிகவும் ஆசைதான். மூன்று என்றே எழுதியிருக்கிறேன். வானம் தெளிவாக இருந்தது, ஆனாலும் எழுந்திருக்கும்போது கம்பியைக் கழற்றி வைத்துவிட்டேன். நிம்மதியாகப் போய் வாருங்கள்.